அறுபத்தொன்றாம் நம்பர் கார்டு

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் கொடி கட்டி இரண்டு செட்டையும் போட்டிருக்கிறேன். இவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தாயிற்று.

பத்து மணிக்கு மஞ்சுளா அக்கா ஸ்கூட்டியோடு வாசலில். ஹாரன் சத்தம் மூக்கண்டப்பள்ளி முழுக்கக் கேட்டிருக்கும். ரெயின்கோட்டுக்குள் ஆல்பம். தான் நனைந்தாலும் அது நனையக் கூடாது.

இன்று போன கடைகள்:
பஸ் ஸ்டாண்டு பக்கம் பொம்மைக் கடை. புது பாக்கெட்டுகள் மட்டும். பழசு இல்லை.
ராயக்கோட்டை ரோடு பழைய புத்தகக் கடை. ஒரு டப்பா நிறைய மல்யுத்தக் கார்டு. பாதி கரையான்.
ஃபேன்சி ஸ்டோர் ஒன்று. கார்டு இருக்கா என்றதற்கு அந்த அம்மா, "கல்யாணக் கார்டா, பர்த்டே கார்டா?" என்றார்.

எங்கே போனாலும் வாங்குவதற்கு முன்னால் அக்கா ஆல்பத்தைத் திறந்துவிடுவாள். "எண்பதும் இருக்கு, பாருங்க." நாங்கள் பள்ளியில் படித்தபோது பபிள்கம் பாக்கெட்டுக்குள் வந்த கிரிக்கெட் கார்டுகள். மொத்தம் எண்பது. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், தொரப்பள்ளியில் ரோஸ் தோட்டம், எல்லாவற்றுக்கும் நடுவில் அக்கா எழுபத்தொன்பது சேர்த்துவிட்டாள். அறுபத்தொன்று மட்டும் கிடைக்கவே இல்லை. விக்கெட் கீப்பர் பாய்ந்து கேட்ச் பிடிக்கும் படம். இப்போது அதுவும் இருக்கிறது. கொடுத்தது நான்.

"இது எங்க சுதா குடுத்தது" என்று என்னையும் காட்டுவாள். ஆல்பத்தில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நான் வேறெங்காவது பார்ப்பேன். இன்று பார்த்தவை: தண்ணீர் பாட்டில்கள், சாமி காலண்டர், ஒரு பூனை.

அது போலிக் கார்டு. தெரிந்தேதான் கொடுத்தேன்.

எழுதினால் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.


ஜூலை 8, செவ்வாய்

கம்பெனியில் பி ஷிப்ட். லைனில் இன்று ரிஜெக்‌ஷன் அதிகம். ஒரு வாஷரில் முடி அளவு கீறல். தள்ளினேன். சூப்பர்வைசர், "சுதா கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

மே கடைசி. பெங்களூரிலிருந்து நான் வரவழைத்த ஒரு கட்டுப் பழைய கார்டு கூரியரில் வந்தது. பிரித்ததும் மேலேயே அறுபத்தொன்று. உடனே போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அங்கேதான் தப்பு. அனுப்பிய பிறகுதான் லென்ஸை வைத்தேன்.

அப்பா சிவகாசியில் பிரஸ்ஸில் இருந்தவர். லென்ஸ் வைத்து அச்சுப் புள்ளி பார்க்க எனக்குப் பத்து வயசிலேயே தெரியும். ஒரிஜினலில் கறுப்பு எழுத்து கெட்டியாக இருக்கும். ஸ்கேன் எடுத்து மறுபடி அடித்ததில் எழுத்துக்குள்ளேயே கலர் புள்ளி தெரியும். இதில் புள்ளி புள்ளியாக இருந்தது. சந்தேகமே இல்லை.

போன் எடுத்துச் சொல்வதற்குள் ஹாரன். ஒரு கையில் இருபது ரோஜா, இன்னொரு கையில் அவளுடைய ஹோலோகிராம் கார்டு, சாய்த்தால் மின்னுவது. நான் சின்ன வயதிலிருந்து ஏங்கியது. "மாத்திக்கலாம்டி, இது உனக்கு" என்றாள். அறுபத்தொன்றைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டாள். நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை.

சொல்வதற்கு நேரம் இருந்தது. காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கும்வரை, சொல்லிவிடு சொல்லிவிடு என்றே நின்றேன். வெளியே வந்து, "சர்க்கரை போதுமாக்கா?" என்றேன்.

ஹோலோகிராம் கார்டு பீரோவில் இருக்கிறது. வாங்கிய நாளுக்குப் பிறகு எடுத்தே பார்க்கவில்லை.


ஜூலை 13, ஞாயிறு

வெயில், திடீரென்று. மத்தியானம் ஜூஜுவாடி.

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஹைவே சர்வீஸ் ரோட்டில் பசவராஜு என்பவர் கடை வைத்திருக்கிறார். நாணயம், தபால்தலை, கார்டு. சின்னக் கடைதான், ஆனால் சரக்கு தெரிந்த மனிதர். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அக்காவுக்குக் கார்டு போட்டு வைக்கக் கெட்டியான பிளாஸ்டிக் உறை வேண்டும் என்று போனோம். வழக்கம்போல ஆல்பம் திறந்தது.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். அறுபத்தொன்றில் நின்றார். "எடுத்துப் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டு, லென்ஸ் வைத்தார். வெளியே லாரி போகிற சத்தம் மட்டும்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது ரீபிரிண்ட்."

"என்னாது?"

"மத்தது எல்லாம் ஒரிஜினல். இது ஒண்ணு மட்டும் டூப்ளிகேட். எழுத்தைப் பாத்தீங்கன்னா…"

அக்கா முகம் சிவந்துவிட்டது. "டூப்ளிகேட்டுனு சொல்லிட்டு நாளைக்கு நீங்களே அடிமாட்டு வெலைக்குக் கேப்பீங்க. எத்தன கடை பாத்திருக்கேன்."

"ஐயோ, நா வாங்கறேன்னே சொல்லலையே மேடம்."

"இத குடுத்தது யாரு தெரியுமா? இதோ நிக்கறா, என் தங்கச்சி மாதிரி. கம்பெனியில குவாலிட்டி பாக்குறவ. அவ பாத்துக் குடுத்தது தப்பா இருக்குமா? சொல்லுடி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாங்கக்கா, போலாம்" என்றேன்.

இதுதான் நான் சொன்னது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். பசவராஜு கதவுவரை வந்து, "லென்ஸ்ல நீங்களே பாருங்க" என்று அவளிடம் நீட்டினார். அக்கா தட்டிவிட்டாள். லென்ஸ் படியில் விழுந்தது.

வழியெல்லாம் தன் வீட்டுத் தெலுங்கில் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான்.


ஜூலை 14, திங்கள்

கார்டு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பத்திரண்டு பேர். அக்கா நேற்றே எழுதிவிட்டாள். ஜூஜுவாடி கடைக்காரன் திருடன், நல்ல கார்டைப் போலி என்று சொல்லி ஏமாற்றப் பார்க்கிறான், யாரும் போகாதீர்கள் என்று. கடை போட்டோவும் போட்டிருக்கிறாள்.

கீழே பதில்கள். "நல்ல வேளை சொன்னீங்க." "நா இந்த வாரம் போறதா இருந்தேன்." "இவனுங்க எல்லாமே இப்படித்தான்."

அக்காவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு மெசேஜ்: "பாத்தியா? நீயும் ஏதாச்சும் போடு."

கட்டைவிரல் போட்டேன்.

போட்டுவிட்டு எடுக்கப் பார்த்தேன். அதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். எடுத்தால் ஏன் என்று கேட்பாள். விட்டுவிட்டேன்.

கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று. ரசம் உப்பு.


ஜூலை 16, புதன்

நேற்று இவரிடம் சொன்னேன். "கார்டுதானே, இதுக்குப் போயா" என்றார். கடைக்காரர் கதையையும் சொன்னேன். "அந்தாளு என்ன தப்பு பண்ணான்?" என்று மட்டும் கேட்டார். பிறகு டிவி.

இன்று ஏ ஷிப்ட் முடிந்து நேராக ஜூஜுவாடி. யூனிஃபார்மோடே. கடையில் யாரும் இல்லை. பசவராஜு ஒரு டப்பாவில் தபால்தலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். "எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் மேடம்."

"எப்படி?"

"நா லென்ஸ் வெச்சப்ப நீங்க கார்டைப் பாக்கல. என் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அவங்க உங்களத் தங்கச்சின்னாங்க. அதுக்கு மேல நா என்ன சொல்றது?"

திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. குரூப்பில் எழுதியது தெரியுமாம், யாரோ காட்டினார்களாம். திங்கட்கிழமை வருவதாகச் சொன்ன இரண்டு பேர் வரவில்லை, போன் எடுக்கவும் இல்லை. அதைக்கூடக் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார்.

சும்மா திரும்ப வெட்கமாக இருந்தது. அன்று வாங்காமல் வந்த பிளாஸ்டிக் உறை ஒரு கட்டு வாங்கினேன். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுப்பது போல.

பஸ்ஸில் நின்றே வந்தேன். சீட் இருந்தது.


ஜூலை 18, வெள்ளி

அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஓவர்டைம் என்று மெசேஜ். ஓவர்டைம் இல்லை. இன்னும் ஒரு பொய்.


ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை ஏழு மணி பஸ்ஸில் தொரப்பள்ளி. ஹோலோகிராம் கார்டு பையில். அக்கா ஷெட்டில் ரோஜா கட்டிக்கொண்டிருந்தாள். இருபது பூ ஒரு கட்டு. "ஏமி, இவ்ளோ காலையில?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னேன்.

"அந்தக் கார்டு போலிக்கா. பசவராஜு பொய் சொல்லல."

எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினான்கு, பதினைந்து. எண்ணிக்கை விட்டுவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"குடுக்கறதுக்கு முன்னாடியே."

பூவைக் கீழே வைத்தாள்.

"நா அழுதனே அன்னிக்கு."

"ஆமாக்கா. அதனாலதான் சொல்ல முடியல."

"அதனாலயா? இல்ல இது கெடைக்குதுன்னா?" பையைக் காட்டினாள். கார்டு அதில்தான் இருக்கும் என்று எப்படித் தெரிந்ததோ.

இரண்டும்தான். அதையே சொன்னேன். "ரெண்டும்தான்க்கா."

"கார்டு கெடக்கட்டும். கடை வெச்சிப் பொழைக்கிற மனுசன நா திருடன்னு எழுதினேன். படிச்சியா இல்லையா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு?"

"கட்டைவிரல் போட்டேன்."

அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டவே இல்லை. கை கழுவினாள். சாவி எடுத்தாள். "ஏறு" என்றாள்.

நேராக ஜூஜுவாடி. பசவராஜு ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தார். ஷட்டர் முழுதாக மேலே போவதற்குள் அக்கா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். கன்னடத்தில் பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. தப்பு என்னுது, தப்பு என்னுது என்பது மட்டும் திரும்பத் திரும்ப.

"உங்க தப்பு இல்லக்கா, என்னுது" என்றேன்.

"நீ சும்மாரு."

அவர்தான் தவித்துப் போனார். "இர்லி பிடி மேடம், போகட்டும் விடுங்க" என்று பக்கத்துக் கடையில் டீ சொன்னார். மூன்று டீ. அக்கா குடித்தாள். நானும் குடித்தேன்.

அங்கேயே நின்று குரூப்பில் எழுதினாள். கடைக்காரர் சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். என் பெயர் எங்கேயும் இல்லை. நான் அதற்குக் கீழே எழுதினேன்: போலி என்று தெரிந்தே கொடுத்தது நான்தான், சுதா. எழுத்துப் பிழை இரண்டு. திருத்தவில்லை.

ஹோலோகிராம் கார்டை நீட்டினேன். வாங்கவில்லை. "அது நா மனசாரக் குடுத்தது. நீ வெச்சிக்க."

எப்போதும் வீட்டு வாசலில் இறக்கிவிடுவாள். இன்று ஜூஜுவாடி பஸ் ஸ்டாப்பில்.


ஜூலை 24, வியாழன்

போன் இல்லை. குரூப்பில் ஒருவர், "இவங்க கூட கார்டு மாத்தினவங்க எல்லாம் செக் பண்ணிக்கங்க" என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான். நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேருக்கும், கொடுத்த ஒவ்வொன்றையும் சொல்லிப் பதில் போட்டேன்.

அக்கா மட்டும் எதுவும் கேட்கவில்லை.


ஜூலை 27, ஞாயிறு

மேகம், மழை இல்லை. ஒன்பது மணிக்கு ஹாரன். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"கிருஷ்ணகிரியில ஒரு பழைய ஸ்டேஷனரி கடை காலி பண்றாங்களாம். அறுபத்தொண்ணு இருக்குன்னு போன் வந்துச்சு. லென்ஸ் எடுத்துட்டு வா. பேசுவேன்னு நெனைக்காத."

வண்டியை பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு பஸ். அவள் ஜன்னலோரம். நடுவில் பை. சூளகிரி போயிற்று, பேச்சு இல்லை. சுங்கச்சாவடி போயிற்று, இல்லை. நான் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். தன் டிக்கெட்டுக்கான காசைப் பையின் மேல் வைத்தாள்.

பழையபேட்டையில் கடை. பாதி ரேக் காலி. வயதான கடைக்காரர் பபிள்கம் டப்பா ஒன்றைத் திறந்து கார்டை எடுத்து வைத்தார். அறுபத்தொன்று. அக்கா தொடவில்லை. என் பக்கம் தள்ளினாள்.

"பாரு."

பார்த்தேன். எழுத்து கெட்டிக் கறுப்பு. ஒரு புள்ளி இல்லை. மூலை லேசாக மடிந்திருந்தது, அவ்வளவுதான். மூன்று முறை பார்த்தேன்.

"ஒரிஜினல்க்கா."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த லென்ஸை வாங்கி, போனை அதன் மேல் வைத்து, எழுத்தைப் போட்டோ எடுத்து பசவராஜுவுக்கு அனுப்பினாள். "அவங்கதான் ஒரிஜினல்னு சொல்றாங்களே?" என்றார் கடைக்காரர். "அவரும் சொல்லட்டுங்க" என்றாள் அக்கா. நான் சொன்னது உண்மை. இருந்தும் பதில் வரும்வரை காலி ரேக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தது. அக்கா அதைக் கடைக்காரருக்குப் படித்துக் காட்டினாள். "ஒரிஜினல்தான், சந்தேகமே வேணாம்." எனக்குப் படித்துக் காட்டவில்லை.

திரும்பும் பஸ்ஸிலும் நடுவில் பை. குருபரப்பள்ளி தாண்டி அக்கா ஆல்பத்தை மடியில் விரித்தாள். புதுக் கார்டை இடத்தில் செருகினாள். விரலால் ஒருமுறை தடவினாள். முகமெல்லாம் சிரிப்பு. அதே சிரிப்போடு, பழக்கத்தில், ஆல்பத்தை என் பக்கம் திருப்பினாள்.

பாதியில் ஞாபகம் வந்துவிட்டது. மூடினாள்.