வண்டி கிளம்பிவிட்டது

நாள் 212, காலை 8.10

செவ்வாய், கிழக்கு முகாம். எழுதுபவன் சாத்தப்பன், பனிக்கட்டி ஆய்வாளன். இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி, வணக்கம்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மீத்தேன் தொட்டி முக்கால். வெளியே புழுதி மூட்டம் இன்னும் விலகவில்லை, பகலிலேயே விளக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கம் இருப்பது இரண்டே பேர். நான் இங்கே. ஜெசிந்தா பள்ளத்துக் கூடாரத்தில். தூத்துக்குடிப் பெண், துளை போடும் பொறியாளர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். போன வாரம் நான்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். நூற்றைம்பது கிலோமீட்டர். எங்கள் வண்டி மணிக்கு முப்பதுக்கு மேல் போகாது, ஆக ஐந்து மணி நேரப் பயணம்.

வண்டி நலம், முகாமை ஒட்டிய காற்று அடைத்த கொட்டகையில் நிற்கிறது. முந்தாநாள் ஆயுத பூஜை. எஞ்சினைத் துடைத்து, உரிந்த பெயின்ட்டைச் சுரண்டி, வழியில் இருந்த ஒயர்களைக் கழற்றி ஓரம் வைத்து, பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்தேன். படம் எடுத்துப் பூமிக்கு அனுப்பினேன். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் மாட்டிவைத்துக் கைதட்டினார்களாம். அதற்குப் பிறகு வண்டியை எடுக்கவில்லை. வாராந்தர அறிக்கையில் ‘வண்டி நலம்’ என்று போட்டுவிட்டேன்.

காலை 9.25

ஜெசிந்தா ரேடியோவில் வந்தாள். அப்படியே எழுதுகிறேன்.

“அண்ணாச்சி, கேக்குதா? காத்து மிசினு நின்னு போச்சு. ரெண்டு மூணு தரம் போட்டுப் பாத்துட்டேன், உசுரே இல்ல. மாத்து சிலிண்டர் ஒண்ணுதான் இருக்கு. வால்வக் கொறச்சு வச்சுக்கிட்டு அசையாமப் படுத்துக் கெடந்தா ராத்திரி எட்டு மணி வரைக்கும் தாங்கும். எப்பமும் போல வச்சா நாலு மணிக்குத் தீந்துரும். நீங்க எப்பம் வருவிய?”

“கிளம்பிட்டேன் ஜெசி. வந்துக்கிட்டே இருக்கேன். ரெண்டரைக்கு அங்க இருப்பேன்.”

இதைச் சொன்னபோது நான் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். ஆனால் நம் ஊரில் இது பொய்க் கணக்கில் வராது. குளியலறையில் இருந்துகொண்டே கிளம்பிவிட்டேன் என்போம். பஸ்ஸே ஏறாமல் பஸ் ஸ்டாண்டு தாண்டியாச்சு என்போம். கேட்பவர்களுக்கும் தெரியும், சொல்பவர்களுக்கும் தெரியும். பூமிக்கும் அதையே அனுப்பினேன்: வண்டி கிளம்பிவிட்டது.

காலை 9.45

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

திரும்பவும். டக்.

படிப்பவருக்கு விளக்கம். பேட்டரி வண்டிகள் இந்தக் குளிரில் பாதி வழியில் படுத்துவிடும். அதனால் எங்களுடையது மீத்தேனையும் ஆக்சிஜனையும் எரித்து ஓடுகிற எஞ்சின். சாவி திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றி, அது எஞ்சினைச் சுற்றி எழுப்பிவிட வேண்டும். ஊரில் என் பழைய காருக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரை வீட்டு வாசலில் நானே படுத்துக்கொண்டு மாற்றியிருக்கிறேன். ஒரு காலைப்பொழுது வேலை. அந்தப் பெருமையை இங்கே வந்த நாளிலிருந்து ஜெசிந்தாவிடம் எத்தனை தடவை அளந்திருக்கிறேன் என்பதை அவளைத்தான் கேட்க வேண்டும்.

முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். விளக்கு மங்கவே இல்லை. பேட்டரியில் குறை இல்லை. மீட்டர் வைத்தும் பார்த்தேன், நிறைய இருக்கிறது. அப்படியானால் ஸ்டார்ட்டர்தான். ஸ்பானரால் நாலு தட்டு தட்டினேன். ஊரில் பாதி வண்டிகள் இந்த அடிக்கே கிளம்பிவிடும். டக்.

காலை 10.05

பூமியிலிருந்து பதில். கட்டுப்பாட்டு அறை, குலசேகரன்.

“சாத்தப்பன் சார், நீங்க கிளம்பிட்டதைப் பதிவு பண்ணிட்டோம். பூஜை போட்ட வண்டி, ஜம்முனு போயிடும். வழியில ஏதாவது சந்தேகம்னா கேளுங்க.”

கேட்கலாம்தான். கேட்டால் என்னவென்று கேட்பது? வழியில் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி கொட்டகையில் நின்று டக் டக் என்கிறதே, ஏன் என்றா? கேள்வி போய்ப் பதில் வர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மாட்டியே விடலாம். கிடங்கில் புது ஸ்டார்ட்டர் ஒன்று உறை பிரிக்காமல் இருக்கிறது. போன பிறகு வேகமாக ஓட்டி ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேன். மணிக்கு முப்பதுக்கு மேல் போகாத வண்டியில் எதை ஈடுகட்டுவது என்று அப்போது தோன்றவில்லை.

காலை 11.15

பேட்டரியின் மைனஸ் கம்பியை முதலில் கழற்றினேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். பிறகு வண்டிக்கு அடியில். ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பது இரண்டு போல்ட். கீழே இருந்தது சுலபமாக வந்தது. மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் ஸ்பானர் போட வேண்டும். என் பச்சைப் பெயின்ட் அதன் தலையில் காய்ந்து இறுகியிருக்கிறது. விரல் முட்டி இரண்டு தோல் உரிந்துவிட்டது.

நடுவில் அவள் வந்தாள்.

“அண்ணாச்சி, எங்கன வந்திட்டிருக்கிய?”

“கறுப்புப் பாறையத் தாண்டிட்டேன்மா, அம்பது கிலோமீட்டர்.”

“அடேயப்பா, சீக்கிரமா வந்துட்டியளே. நா வால்வ நல்லாத் தொறந்துட்டேன் அண்ணாச்சி. படுத்துக் கெடந்தா மேலெல்லாம் வெறைக்கி. தொளைக் கம்பி, பனிக்கட்டி மாதிரிப் பொட்டி எல்லாத்தையும் கட்டி வச்சிட்டிருக்கேன். நீங்க வந்ததும் ஏத்திக்கிட்டுப் போயிரலாம்லா?”

“சரிம்மா” என்றேன்.

இந்தச் ‘சரிம்மா’வைப் பற்றித்தான் எழுத வேண்டும். காலையில் சொன்னது பழக்கதோஷம், மன்னித்துவிடலாம். இது அப்படி இல்லை. அவள் வால்வைத் திறந்துவிட்டாள் என்று தெரிந்தது. நான்கு, நான்கரைக்குத் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. “ஜெசி, வால்வை மூடு, வண்டி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது” என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. அவளுக்குப் பயம் வரும் என்பதற்காக இல்லை. “அப்ப கறுப்புப் பாறை?” என்று கேட்பாளே, அதற்காக.

பகல் 12.50

மேல் போல்ட் வந்துவிட்டது. ஸ்டார்ட்டரை இறக்கினேன். இங்கே எடை குறைவு, ஒரு கையில் தாங்கலாம். புதியதை ஏற்றி, பல்சக்கரம் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்து, இரண்டு போல்ட்டையும் முறுக்கி, தடிக் கம்பி, மெல்லிய கம்பி இரண்டையும் மாட்டி, கடைசியாகப் பேட்டரி. இன்னும் சாப்பிடவில்லை.

பகல் 1.00

டக்.

பகல் 1.05

டக். டக். விளக்கு அப்படியே பளீரென்று எரிகிறது. இந்த விளக்கை உடைத்துப் போடலாம் போலிருக்கிறது.

பகல் 1.30

கழற்றிய பழைய ஸ்டார்ட்டரைத் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு கம்பி கொடுத்தேன். விர்ரென்று சுற்றியது. குதித்து என் காலை விட்டு ஓடியது.

பழையதற்கு ஒன்றுமே இல்லை. முதலிலேயே இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும் என்பது ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. நான் வீட்டு வாசலில் ஒரே ஒரு தடவை மாற்றியவன். அந்தத் தடவை ஸ்டார்ட்டர்தான் போயிருந்தது. அதனால் எல்லாத் தடவையும் ஸ்டார்ட்டர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று மணி நேரம் போயிற்று.

நிதானமாக யோசி, சாத்தப்பா. பேட்டரி சரி. பழைய ஸ்டார்ட்டர் சரி. புதியதும் சரியாகத்தான் இருக்கும். நடுவில் எங்கேயோ கரன்ட் போய்த் திரும்பவில்லை.

பகல் 2.05

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே கை கூசுகிறது.

மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் மேலும் மறு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றும் காட்டக் கூடாது. இருபத்துநாலு வோல்ட் பேட்டரியில் இருபதுக்கு மேல் காட்டியது. எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வருகிற எர்த் கம்பியில்தான் கோளாறு. அது எஞ்சினோடு சேர்கிற இடத்தில் வெறும் இரும்பு இரும்பைத் தொட வேண்டும். பூஜைக்காக அந்தக் கம்பியைக் கழற்றி வைத்து, அது உட்காருகிற இடத்தையும் விடாமல் அழகாகப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே கம்பியை வைத்து முறுக்கியிருக்கிறேன். போல்ட் தலையில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

படத்தில் அந்த இடம் தெளிவாகத் தெரியும். அதற்குத்தான் கைதட்டினார்கள்.

பகல் 2.20

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் கம்பியை மாட்டி முறுக்கினேன். மொத்தமே பத்து நிமிடம். சாவி. முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை.

ஐந்து மணி நேரம். ஏழு இருபது. காலையில் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவள் எட்டு வரைக்கும் தாங்கியிருப்பாள். இத்தனை கூத்துக்குப் பிறகும் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். இதற்கு மேல் ஓட்டிக்கொண்டே வாயால் பதிவு செய்கிறேன்.

பகல் 2.40, ஓட்டத்தில்

வால்வை இறுக்கிக்கொண்டு படுக்கச் சொல்ல வேண்டும். மீதிக் காற்று எவ்வளவு என்று கேட்க வேண்டும். ரேடியோவை எடுக்கிறேன். இதோ எடுக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு கிலோமீட்டராக யோசித்துக்கொண்டு வருகிறேன்.

அவளே வந்துவிட்டாள்.

“அண்ணாச்சி! நா மேட்டு மேல ஏறிட்டேன். நீங்க வண்டியோட பள்ளத்துக்குள்ள எறங்கி ஏறுனா ஒரு மணி நேரம் போயிரும்லா, அதான் நானே ஏறி வந்துட்டேன். கூடாரத்துல மிச்சம் இருந்த காத்த எல்லாம் உடுப்பு சிலிண்டர்ல ஏத்தியாச்சு. பொட்டிய முதுகுல கட்டிக்கிட்டு வந்தேன், பாத்துக்கிடுங்க. நீங்க எங்கன இருக்கிய?”

“கிட்டதான்மா.”

நானா சொன்னேன்? என் வாய்தான் சொன்னது. பிறகு பதிவைப் போட்டுக் கேட்டேன். என் குரல்தான்.

பகல் 2.50

“அண்ணாச்சி, ஒண்ணும் தெரியல. ஒரே புழுதியா கெடக்கு. லைட்ட ரெண்டு தரம் அணைச்சு அணைச்சுப் போடுங்க. நா பாத்துச் சொல்லுதேன்.”

அணைத்துப் போட்டேன். நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், ஆளில்லாத பொட்டலில், முகப்பு விளக்கை இரண்டு தரம் அணைத்து அணைத்துப் போட்டேன். இந்த உலகத்தில் என்னைப் பார்க்க யாரும் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். நீங்கள் படிக்கிறீர்கள். அந்த ஆறுதலும் இல்லை.

“தெரியலியே அண்ணாச்சி. இன்னொருக்கா போடுங்க.”

இன்னொருக்கா போட்டேன்.

“கெழக்க பாத்து நிக்கேன். வலதுகைப் பக்கமா வருவியளா, நேரா வருவியளா?”

பகல் 3.00

சொல்லிவிட்டேன். வண்டி கிளம்பாததை, ஸ்டார்ட்டரை, பெயின்ட்டை, கறுப்புப் பாறையை, எல்லாவற்றையும். இடையில் நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் அவள் ஏதாவது கேட்பாள் என்று பயம். கடைசியில் ஏழரை ஆகும் என்றேன். “இப்ப எவ்வளவு இருக்கு ஜெசி?” என்று கேட்டேன்.

ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

“அப்பம் லைட்டு தெரியாதுல்லா” என்றாள்.

“ஜெசி, எவ்வளவு இருக்கு?”

“ஒண்ணரை மணி நேரம் காட்டுது. ஒக்காந்துட்டேன். ஒக்காந்தா கொஞ்சம் கூட வரும்.” பிறகு, “காலைல சொல்லிருக்கலாமே அண்ணாச்சி. நா என்ன, ஏசவா போறேன்?”

திட்டியிருந்தால் தேவலை. அவள் கேட்டது நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. இந்தப் பதிவை அழிக்காமல் விடுகிறேன், குலசேகரன் கேட்கட்டும். அந்தப் பூஜைப் படத்தை எல்லாரும் பார்க்கிற சுவரிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பகல் 3.10

“அண்ணாச்சி, பேசுனா காத்து செலவாவும். நா ரேடியோவ அணைச்சிருதேன். பொட்டிய பக்கத்துலயே வச்சிருக்கேன், அத மறந்துராம எடுத்துக்கிடுங்க. நீங்க பதறிக்கிட்டு ஓட்டாதிய. புழுதியா கெடக்கு, மெதுவா வாங்க.”

ஜெசி, ஜெசி என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ரேடியோவில் வெறும் கரகரப்புதான். மிதியைத் தரை வரைக்கும் அழுத்திப் பிடித்திருக்கிறேன். முள் முப்பதில் நிற்கிறது. அதற்கு மேல் இந்த வண்டி போகாது.