பல்லால் கேட்டவள்

என் செல்வி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தச் சங்கதியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் என் சவுண்ட் இன்ஜினியரிங் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டி வந்தேன்.

நான் நடத்தும் பாடம் உனக்குத் தெரியும். நிஜமாகக் காதில் விழுவதையும், விழுந்ததாக நாமே நினைத்துக்கொள்வதையும் பிரித்தறிவது. இரண்டாவதற்கு வருஷாவருஷம் உன்னைத்தான் உதாரணம் காட்டினேன். ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பாயே. சேற்றோடு ஒரு நண்டுக் குஞ்சு பறிக்குள் போய்விட்டால்கூட, எட்டிப் பார்க்காமலே கண்டுபிடிப்பாய். கேட்டால், "காதுல இல்லடா, பல்லுல கேக்குது" என்பாய். இதைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

இந்த வருஷம் நிவேதா என்றொரு பெண் சிரிக்கவில்லை. "நீங்க கடிச்சுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

பார்த்ததில்லை, அக்கா. சோதிக்காமல் எதையும் தள்ளாதே என்று சொல்லிக்கொடுக்கிறவன் நான். சுருக்கென்றது.

உன்னோடு இறால் பிடித்த மங்கையக்கா தன் பறியைக் கொடுத்தார். காதில் பஞ்சடைத்து, கண்ணைத் துண்டால் கட்டி, பறியைக் கடித்துக்கொண்டு ஏரித் தண்ணீரில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாக உள்ளே போட, நிவேதா குறித்துக்கொண்டாள். முதல் இறால் துள்ளியது. அம்மாடி, மண்டைக்குள்ளேயே யாரோ சுண்டியது போல அத்தனை தெளிவு. அடுத்து சரசரவென்று ஒரு பிராண்டல். நண்டு என்று கை காட்டினேன், சரிதான். காதை வைத்துப் பிழைக்கிறவன், இப்படியொரு சத்தத்தை எந்த மைக்கிலும் கேட்டதில்லை. நாளெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டா அந்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தாய்? மலைத்துப்போனேன்.

கரையேறியதும் மங்கையக்கா பிள்ளைகளைக் காட்டிக் கேட்டார்: "இவுங்களாண்டதான் அவளப் பத்திப் பெருமையா சொல்வியாமே? எங்களாண்ட சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்பூடுவா."

வகுப்பில் உன்னைப் பற்றி என்ன சொல்கிறேன் என்று ஒருமுறை நீ கேட்டபோது, நான் வாய்கூசாமல் சொன்ன பொய் அது. அதைப் போய் ஊரெல்லாம் சொல்லி வைத்தாயா? பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாளே உன் கதைதான். யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன். உன்னிடம் சொன்ன அந்தப் பொய்யை இனி வருஷாவருஷம் உண்மையாக்குவேன், அக்கா.

கடித்துப் பார்க்காமலே சிரித்த உன் தம்பி,
குமார்