கோபாலின் கை தொட்ட புத்தகங்கள்

ஆரம்பாக்கம்
18.6.2024

அன்புள்ள ஸ்டீபன் அண்ணனுக்கு,

கோபால் எழுதுகிறேன். மணவாள நகரில் மகள் ஸ்நேகா வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிரேஸ் அண்ணி போனதிலிருந்து நீங்கள் போனைத் தொடுவதே இல்லையாமே. அதனால்தான் கடிதம்.

கும்மிடிப்பூண்டியில் நீங்கள் ஆரம்பித்து வைத்த மறைஞான வாசகர் வட்டம் நன்றாகத்தான் நடக்கிறது. அதுதான் என் தலைவலி. புத்தகம் தேர்ந்தெடுக்க நீங்கள் வைத்த முறையேதான் இன்றும். ஐந்து புத்தகத்தைப் பேப்பரில் சுற்றிப் பாயில் பரப்பி, ஒருவர் கண்ணை மூடித் தொடுவது. முன்பு ஆள் மாறி மாறித் தொடுவோம். மூன்று வருடமாக நான் மட்டும்தான். என் கையில் அக்னியைப் பற்றிய புத்தகம் வந்த வாரம் எட்வர்ட் வேலை செய்யும் ஆலையில் உலை வெடித்தது, லீவில் இருந்த அவர் தப்பித்தார். அன்றிலிருந்து என் கைக்குக் கண் இருக்கிறதாம். நான் போகாவிட்டால் எட்வர்ட் பைக்கில் வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறார்.

போன வாரம் ஷைனி அழுதாள். அவள் அம்மா ரோசம்மாளுக்கு இருதய ஆபரேஷன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். "பண்ணலாமா வேணாமான்னு அடுத்த மாசம் உங்க கைல வர்ற புக்கு சொல்லட்டும்ணே" என்றாள். ஜூலை 14 ஞாயிறு நீங்கள் வந்து இந்த முறையை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

அன்புத் தம்பி,
கோபால்

மணவாள நகர்
24.6.2024

தம்பி கோபாலுக்கு,

உன் கடிதம் கண்டேன். ஏம்பா, கிடைத்ததை வேண்டாம் என்று தள்ளுவார்களா? அண்ணி டயாலிசிஸில் கிடந்த மாதம் உன் கையில் என்ன புத்தகம் வந்தது, மறந்துவிட்டாயா? உடம்பைப் பயமில்லாமல் விடுவது எப்படி என்ற புத்தகம். அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "போதும்ங்க, இனிமே ஊசி வேணாம்" என்றாள். பதினோராம் நாள் அமைதியாகப் போய்ச் சேர்ந்தாள். அது கர்த்தர் அனுப்பிய புத்தகம் என்று நம்பித்தான் நான் இன்னும் எழுந்து நடமாடுகிறேன். நிறுத்தச் சொல்ல நான் வரமாட்டேன்.

ஸ்டீபன்

ஆரம்பாக்கம்
1.7.2024

அண்ணே,

இதை எழுத ஐந்து நாளாயிற்று. திட்டுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

நான் ஒல்லியான புத்தகமாகப் பார்த்துத்தான் தொடுவேன். எப்போதும். எடுத்த புத்தகத்தை அன்றைக்கே பாதியாவது வாசிக்க வேண்டும் என்பது விதி. குண்டுப் புத்தகம் வந்தால் எனக்குச் சாயங்கால வண்டி போய்விடும். பேப்பருக்கு மேலே தடவினாலே எது மெல்லிசு என்று தெரிந்துவிடும். கண்ணும் இல்லை, கடவுளும் இல்லை. அண்ணி வாசித்த புத்தகமும் அப்படித்தான் வந்தது. அன்றைக்கு என் மகளுக்குப் பிறந்தநாள். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

14ஆம் தேதி ஞாயிறு எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். உங்களுக்கு அடுத்தவர் வாயால் தெரிய வேண்டாம் என்று முதலில் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

கோபால்

மணவாள நகர்
16.7.2024

கோபாலுக்கு,

ஞாயிறு நான் வருவேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை. நீ எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் நான் பேசியதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். உன்னை அவசரப்படுத்தி மெல்லிய புத்தகத்தைத் தொடவைத்தவரும் கர்த்தர்தான் என்றேன். எட்வர்ட் கைதட்டினார். உன்னைப் போலத் தாழ்மையுள்ளவனைப் பார்த்ததில்லை என்கிறார்கள்.

நீ போனபின் ஷைனியிடம், காத்திருக்காதே, அம்மாவை உடனே ஆஸ்பத்திரியில் சேர் என்றேன். "கோபாலண்ணன் எதையும் தொடாம எழுந்து போனாரே, லேட் பண்ணாதன்னு அர்த்தம், அதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றுவிட்டேன்.

நீ சொன்னது உண்மைதான், எனக்குத் தெரியாதா? ஊசி வேண்டாம் என்று அவள் சொன்னபோது நானும் சரியென்று தலையாட்டினேன். ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கவில்லை. நீ ரயிலைப் பிடிக்கத் தொட்ட புத்தகத்துக்காக அவளை அனுப்பினேன் என்றால் நான் எப்படிப்பா சாப்பிட்டுத் தூங்குவேன்? உன்மேல் ஆத்திரம் வருகிறது. ஆனாலும் ஆகஸ்ட் 11 நீ வந்து அந்தப் பாயில் உட்கார வேண்டும். நீ வராவிட்டால் அவளை நான்தான் கொன்றேன் என்றாகிவிடும். எனக்காக வா.

ஸ்டீபன்

ஆரம்பாக்கம்
5.8.2024

அண்ணே,

வருகிறேன்.

நேற்று ரோசம்மாள் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு, "இந்தக் கைதான்பா என்னைக் காப்பாத்துச்சு" என்று என் கையை இழுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் ஷைனி கைகூப்பி நின்றாள்.

கையை அப்படியே விட்டுவிட்டேன், அண்ணே.

கோபால்