கெட்டில் முகம், அம்மா குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் என் வாய் ஓடுகிற வேகத்துக்கு உண்மை மூச்சு வாங்கிப் பின்னாலேயே நின்றுவிடும். பேனா கொஞ்சம் மெதுவாகப் போகிறது. அதனால்தான் உங்கள் சுரங்க முகாமுக்குச் சாமான் ஏற்றிவரும் லாரி டிரைவர் அண்ணாவைக் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன்.

முதலில் நல்ல செய்திகள். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, ஏனென்றால் தண்ணீரே வருவதில்லை. கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் போட்டுவிட்டார்கள். எண் வந்திருக்கிறது, மதிப்புதான் வரவில்லை. எதிர் ஜன்னல் அத்தையின் பூனை என் பள்ளிப் பையில் படுத்துத் தூங்குகிறது. தூங்குகிற ஜீவனை எழுப்பக் கூடாது என்று நானும் பையைத் திறப்பதில்லை.

இனி மீதிப் பாதி. அம்மா பேசுவதில்லை.

என்னோடு பேசுகிறாள். "சாப்புட்டியா", "கதவச் சாத்து", "சீப்ப எங்க வச்ச" எல்லாம் உண்டு. நான் சொல்வது ரேடியோவோடு பேசுவதை. நீங்கள் இங்கே இருந்தவரை காலைச் செய்தி என்றால் உங்கள் இருவருக்கும்தான் வாய்ச்சண்டை. நீங்கள் போன பிறகு அந்தச் செய்தி வாசிப்பவர் தனியாக வந்து அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். முட்டை விலை ஏறிவிட்டது என்று அவர் வாசித்தால், "ஏன், கோழிக்கு யாராவது சம்பளம் ஏத்துனீங்களா?" என்பாள். அமைச்சர் நேரில் சென்று பார்வையிட்டார் என்றால், "போய்ப் பாத்ததெல்லாம் ஒரு செய்தியா? நான் தெனம் போய்ப் பாக்குறேன், என்னையப் போடு" என்பாள். நம் அணி மழையால் தோற்றது என்றால், "மழ என்ன ஒரு பக்கமாவா பேஞ்சுது?" தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று ஒரு டாக்டர் அறிவுரை சொன்னார். "பஸ்ஸ நிறுத்துங்க, தன்னால நடப்பாங்க" என்று அவரையும் முடித்து அனுப்பினாள். செய்திக்கு விடை கொடுக்காமல் செய்தி வாசிப்பவருக்கு விடை கொடுக்க மாட்டாள்.

நாள் முழுக்கப் பேருந்து நிலையத்து மைக்கில் அடுத்தவர் எழுதிக் கொடுத்ததையே சொல்கிறவள் அல்லவா? "நான்காம் நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." அந்தச் சற்று நேரம் எவ்வளவு என்று கேட்டால்கூடச் சொல்லக் கூடாதாம். அதனால் சொந்தக் கருத்தையெல்லாம் அடுப்படியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போவாள் என்று நினைக்கிறேன். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அங்கேதான் தொடங்கியது வினை.

சொல்லிவிடுகிறேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் போனை வைத்து, அம்மா பேசுவதைத் தினமும் பதிவு செய்தேன். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் குரலை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் என் கட்டைக் குரலில் நானே ஒரு கோணங்கிச் செய்தியை ஒட்டினேன். அம்மாவின் முகத்துக்குப் பதிலாகக் கண் மூக்கு வைத்த ஒரு கெட்டில் படம். நடுநடுவே கூட்டம் சிரிக்கிற சத்தம். "கொதிக்கும் கெட்டில்" என்று பெயர் வைத்து இணையத்தில் போட்டேன். முகம்தான் தெரியாதே, யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். எல்லாரும் பார்த்தார்கள் அப்பா. பார்வை ஏற ஏற எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

நீங்களே சொல்லுங்கள், இந்த ஊரில் ஒருத்தியின் முகத்தை மறைத்து வைக்கலாம், குரலை மறைக்க முடியாது என்றால் அது யார்? வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் காலையும் மாலையும் கேட்பது அந்த ஒரு குரலைத்தான். அவர்களில் பாதிப் பேருக்கு அம்மாவின் முகமே தெரியாது. நான் மட்டும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு முகத்துக்குக் கெட்டில் மாட்டியிருக்கிறேன். வீட்டில் கேட்கும் குரல் வேறு, மைக்கில் இழுத்து இழுத்துப் பேசும் குரல் வேறு என்றே எனக்கு இத்தனை நாள் பட்டது.

போன வாரம் பள்ளி முடிந்து நானும் நிலையத்தில் நின்றிருந்தேன். அதனால் இது கேட்டுச் சொல்வது இல்லை, பார்த்தது. அம்மா மைக்கில், ஒரு பேருந்து பழுதாகி வழியில் நிற்கிறது, பயணிகள் சிலர் வேறு வண்டியில் வருகிறார்கள் என்று சொன்னாள். ஒரு கூட்டம் ஒரே குரலில், "யாரு யாருன்னு சொல்லு!" என்று கத்தியது. அது கெட்டிலின் வசனம். அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். நடைமேடை முழுக்கச் சிரிப்பு. இன்னொரு பக்கத்திலிருந்தும் அதே கத்தல். அம்மா பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். மைக் அணைகிற "டொக்" சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கவில்லை. ஒளிந்துகொண்டேன்.

அன்று முதல் அம்மா மைக்கைத் தொடவில்லை. மேலதிகாரி கெட்டவர் இல்லை. "பழைய பதிவ வச்சு ஓட்டிக்கலாம், மாசக் கடைசிக்குள்ள நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றாராம். அம்மா யோசிக்கவில்லை. பார்சல் அறைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்கப் போகிறாளாம். அங்கே மூட்டைகளோடுதான் வேலை. மூட்டை பேசாது, கிண்டலும் செய்யாது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நிலையத்தில் யாரோ போட்டுக் காட்டிய பதிவில் பூனை கத்துவதை வைத்து, எதிர் ஜன்னல் அத்தைதான் இதைச் செய்தது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். உங்களுக்குத் தெரியும்தானே, அத்தைக்குக் கை சும்மா இருக்காது. மழை பெய்தாலும் போனில் பிடிப்பார், பூனை தும்மினாலும் பிடிப்பார். அம்மா ஜன்னல் வழியாகவே கேட்டாள். "உன்னையக் கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சேனே, என் அடுப்படிய ஊருக்கே தெறந்து காட்டிட்டியே" என்றாள். அத்தை கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். அப்புறம், "நான் செய்யலக்கா" என்று ஒரே வார்த்தை. அம்மா ஜன்னலைச் சாத்தினாள். அன்றிலிருந்து அது திறக்கவில்லை. அடுப்படியில் புகை சுற்றிச் சுற்றி வருகிறது. நான் அங்கேயே உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். சேனலை அழித்தேன். அதற்குள் ஊரே பிரதி எடுத்து வைத்திருக்கிறது. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பால் விலை, பஸ் கட்டணம், அம்மாவுக்குப் பிடிக்காத அந்தக் கிரிக்கெட்காரர் என்று ஒவ்வொன்றாக வந்து போனது. அம்மா "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. நானே எழுந்து, "கோழிக்கு யாரு சம்பளம் ஏத்துனது?" என்று கேட்டேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கினாள்.

அப்பா, நீங்கள் அடுத்த முறை பேசும்போது இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்களேன். நீங்கள் சொன்னால் அடி தூரத்திலிருந்து விழும். நான் கோழைதான். கோழியாக இருந்தால் முட்டையாவது போட்டிருப்பேன்.

உங்கள் வாலு
(சுருட்டி வைக்கப்பட்டது)

---

அன்புள்ள அப்பாவுக்கு,

லாரி டிரைவர் அண்ணாவுக்குக் காய்ச்சலாம், வண்டி கிளம்பவில்லை. மேலே உள்ள கடிதம் என் கையிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன். அதில் கேட்டதை நீங்கள் செய்ய வேண்டாம்.

எல்லாப் பதிவுகளையும் போனிலிருந்து அடியோடு அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முன்னால் அந்த "யாரு யாருன்னு சொல்லு" பதிவை, வெட்டாத முழுப் பதிவை, முதல் முறையாகக் கேட்டேன். அப்பா, அன்றைக்கு நான் அடுப்படியில் இல்லை, பதிவிலும் செய்திப் பகுதியைக் கேட்டதே இல்லை. அம்மா குரல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அதற்கு முன்னால் இருப்பதை வெட்டிவிடுவேன். பஸ் இரைச்சலில் அவ்வளவுதான் முடியும். அன்றைக்கு அந்த இடத்தில் பள்ளி மாறுவேடப் போட்டியில் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று ஒரு செய்தியை ஒட்டி, அம்மா கேட்பதுபோல் செய்திருந்தேன்.

வெட்டிய இடத்தில் இருந்தது உங்கள் சுரங்கம். மண் சரிந்துவிட்டது, உள்ளே இருந்தவர்களில் பதினோரு தொழிலாளர்களைக் காணவில்லை, மற்ற விவரங்கள் பிறகு என்று அவர் வாசிக்கிறார். அதற்கு அம்மா, "எண்ணிக்கைய யாரு கேட்டா? யாரு யாருன்னு சொல்லு!" என்கிறாள். அவர் அடுத்ததாக வானிலைக்குப் போய்விடுகிறார். அம்மா இன்னொரு தடவை, "சொல்லிட்டுப் போய்யா" என்கிறாள். குரல் உடைந்திருக்கிறது. அந்த உடைந்த இடத்தில்தான் நான் கூட்டச் சிரிப்பைப் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு பாத்திரம் விழுகிற சத்தம். அப்புறம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "டைம் ஆச்சு, கெளம்புடி" என்கிறாள். சாதாரணக் குரலில்.

அன்றைக்கு என் தலையை வாரிவிட்டாள் அப்பா. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சாயங்காலம் நீங்கள் பேசினீர்கள், வேறு ஷிஃப்டில் இருந்ததாகச் சொன்னீர்கள், அம்மா நெடுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அதுவும் எனக்கு ஏனென்று தெரியவில்லை.

முதலில் அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அழுதுகொண்டு சொன்னேன். அத்தை பூனையை இறக்கிவிட்டு, "எனக்கு மொதல் நாளே தெரியும். ஒவ்வொண்ணுலயும் கடைசில ஒரு மூக்குச் சிரிப்பு வருதே, அது வேற யாரு?" என்றார். தெரிந்தும் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கப்பா பக்கத்துல இல்ல. எம்மேல கோவப்பட்டா ஜன்னலோட போச்சு. உம்மேல கோவப்பட்டா அவளுக்கு வீட்டுல மிச்சம் யாரு?" என்றார். திட்டியிருக்கலாம். அத்தை திட்டவே இல்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், ஒன்றையும் விடவில்லை, தூணுக்குப் பின்னால் நின்றது உட்பட. மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும், "முழுசா வச்சிருக்கியா?" என்று கேட்டாள். கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டாள். பிறகு நான் வெட்டி ஒட்டியதையும் கேட்டாள். "இதுல சிரிப்புச் சத்தம் எதுக்குடி போட்ட?" என்றாள். எல்லாருக்கும் சிரிப்பு வரட்டும் என்று போட்டேன் என்றேன். "எனக்கு வரலையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இத உங்கப்பா கேட்டாரா?" அங்கே இணையம் எட்டாது, கேட்டிருக்க மாட்டார் என்றேன். "நல்லது. சொல்லவும் சொல்லாத. ஒத்தையில கெடக்குற மனுஷன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வழக்கமான நானாக இருந்தால் சுவரில் காதை ஒட்டியிருப்பேன். போகவில்லை. திரும்பி வரும்போது அம்மாவின் கண் சிவந்திருந்தது. என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை, பேச வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பார்சல் அறை விஷயத்தை முடிவு செய்தாளா என்றும் தெரியவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

சொல்லாதே என்றதை மீறித்தான் எழுதுகிறேன். இது இன்னொரு தப்பு என்றால் அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரு யாரு என்று அன்றைக்கு அம்மா ரேடியோவிடம் கேட்ட கேள்விக்கு அந்தச் செய்தி வாசிப்பவரால் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல முடியும்.

நீங்கள் பேசும்போதெல்லாம், "நல்லா இருக்கேன், நீங்க எப்படி" என்று முடித்துவிடுகிறீர்கள். அம்மாவும், "நாங்களும்" என்கிறாள். இந்த முறை அப்படி வேண்டாம் அப்பா. அன்றைக்கு எங்கே நின்றிருந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், பயந்தீர்களா, எல்லாம் சொல்லுங்கள். அப்புறம் இங்கே என்ன செய்தி என்று கேளுங்கள். பால் விலையோ மழையோ, எதையாவது கேளுங்கள். அம்மா முதலில் ஒன்றும் இல்லை என்பாள். வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள், வரும்.

நான் இருப்பேனே என்று அம்மா போனை ஸ்பீக்கரில் போடப் பார்ப்பாள். வேண்டாம், காதில் வைத்துப் பேசு என்று சொல்லிவிடுங்கள். நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். என் போனையும் அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை இறங்கி வர மாட்டேன்.

பத்திரமாக இருங்கள் அப்பா.

உங்கள் மகள்