கேள்வியில் இல்லாத ஜீப்பு

மதினி,

ஏலக்காய் பறிக்கிற விரலைச் செல்போன் மதிப்பதில்லை. கறை ஏறித் தடித்த என் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன், திரை அசையவில்லை. உங்கள் மகள் செல்விதான் சிரித்துக்கொண்டே எனக்காகத் தொட்டாள். விரலை முகர்ந்தேன். மலையிலிருந்து திரும்பும்போது உங்கள் சேலையில் வீசுகிற அதே வாசம். உடனே உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

தேர்தல் வருகிறது. எந்தக் கட்சி நம் எண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று காட்டும் தளம் ஒன்றைச் செல்வி எடுத்து வந்தாள். மதுக்கடை, அணைத் தண்ணீர், நியூட்ரினோ ஆய்வுக்குப் பொட்டிபுரத்து மலையைக் குடைவது என்று வரிசையாகக் கேட்கிறது. சம்மதம், சம்மதமில்லை, தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு படம் வந்தது. மூலைக்கொன்றாகக் கட்சிகள், இடையில் புள்ளியாக நான். நீங்கள் வாழ்நாளெல்லாம் வைத கட்சிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறேன். இருந்திருந்தால் என்னை ஒரு வாரத்துக்கு ஓட்டியிருப்பீர்கள்.

சிரித்து முடித்ததும் எனக்கு ஜீப்பு ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், இருட்டோடு சிலமலை முக்கில், மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் அந்த ஜீப்பைப் பார்த்துத் திகைத்து நின்றேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. மூத்தவர்கள் உட்கார, இளையவர்கள் அவர்கள் மடியில் ஏறுவதுதான் வழக்கம் என்று அன்றுதான் தெரிந்தது. "ஏறு தாயி, ஒன்னைய விடக் காய் மூட்ட கனக்கும்" என்றீர்கள். வளைவுக்கு வளைவு என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்தவரை வழிமறித்தீர்களே. "மலைக்குப் போற பொம்பளைகளுக்கு ஒரு பஸ்சு விடச் சொல்லுங்கய்யா. எத்தன நாளைக்கு மடியில ஒக்காந்து போறது?" அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் ஏறி வந்ததும் நாம் போகும் அதே ஜீப்பில்தான். சாயங்காலம் அதே ஜீப்பு வேறு கொடி கட்டிக்கொண்டு வந்தது.

போடிமெட்டுச் சாலையில் அது கவிழ்ந்த அன்று எனக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. உங்களைக் கிடத்தியிருந்த வாசலுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வந்தார்கள். அன்றைக்கு அந்தப் படத்தைப் போட்டிருந்தால் எல்லாக் கட்சியும் நம் வாசலில் ஒரே புள்ளியாகத்தான் விழுந்திருக்கும்.

ஜீப்பைப் பற்றி ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று செல்வியைத் தேடச் சொன்னேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "கட்சிக சொன்னதத்தான் இதுல போடுவாக அத்தே. அதப்பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலையே" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது.

கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள் மதினி. வேலை கிடைக்கிற வரைக்கும் மலைக்கு வருகிறேன் என்று கிளம்பி நிற்கிறாள். சொன்னால் கேட்பதில்லை, உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. நாளை காலையும் அதே முக்கில் ஜீப்பு வரும். இப்போது நான் மூத்தவள், நான் உட்கார்ந்துகொள்வேன். அவள் என் மடியில் ஏறுவாள். வளைவு வந்தால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

யாருக்கு ஓட்டுப் போடுவதென்றுதான் தெரியவில்லை.