மூடி கழன்ற பேனா

என்னங்க,

முட்டிவலி தேவலையா? சின்னவள் தட்டில் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

நான் கடைசியாக எழுதிய கதையையும் பத்திரிகையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி எழுத்தே வேண்டாம் என்று நேற்றுக் காலையில் தலைமுழுகினேன். மதியமே ஒரு கூத்து. ஆஸ்பத்திரித் துணிகளின் பைகளைத் துழாவிவிட்டு மெஷினில் போடுவதுதான் இங்கே என் வேலை. என் மேலங்கியையும் சேர்த்துப் போட்டேன், அதன் பையை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே பேனா, மூடி கழன்றுவிட்டது. விரிப்பெல்லாம் நீலம்.

மேற்பார்வை அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "துணி துவைக்கிறவளுக்குப் பேனா எதுக்குடி?" என்றாள்.

"கதை எழுதுறேன்க்கா."

விட்டுவிட்டேன் என்று சொல்ல நாக்கு புரளவில்லை. அக்கா சிரித்துவிட்டாள். கறையும் இரண்டாம் அலசலில் போய்விட்டது, கவலைப்படாதீர்கள்.

கதையை எந்தப் பத்திரிகையும் போடாவிட்டால் போகட்டும். எழுதும்போதுதான் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து 'உம்' கொட்டுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு அது போதும்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் நாலு பேனா கொடுத்தனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி

மூடி இறுக்கமானதாகப் பார்த்து வாங்குங்கள். இனிமேலும் பேனா என் பையில்தான் இருக்கும்.