பினாங்கில் அடித்த கோல்

14 ஜூன் 1959, ஞாயிறு. கோடைக்கானல்

நோட்டு புதுசு. யாராவது திருட்டுத்தனமாகப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: சம்சுல் ஆலம், வயது பத்தொன்பது. பிறந்தது சுமத்ராவில் மெடான். பரீட்சையில் கோட்டை விட்டதற்குத் தண்டனையாக அத்தா என்னைக் கப்பலேற்றி இந்த மலைக்கு, பாவா மாமுவின் பலசரக்குக் கடைக்கு, அனுப்பினார். பத்து மாதமாகிறது.

இன்று செண்பகனூர் அணியோடு ஆட்டம். இரண்டுக்கு ஒன்று, எங்கள் பஜார் அணி ஜெயித்தது. மூன்று மணிக்கே மேகம் ஏறிவிட்டது. எதிர்க் கோல்கம்பம் தெரியவில்லை. அதற்காக இந்த ஊரில் ஆட்டத்தை நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் சும்மா உட்கார வேண்டியதுதான். பந்து யார் முன்னால் வருகிறதோ அவன் “எனக்கு!” என்று கத்த வேண்டும், அவன் கூட்டாளிகள் ஒதுங்கிவிட வேண்டும். எல்லார் குரலும் எல்லாருக்கும் தெரியும் என்பதால் இதில் ஏமாற்று நடக்காது. மூன்று வருஷத்துக்கு முன் யாரும் கத்தாமல் முட்டிக்கொண்டு, எங்கள் அணி அழகுமலைக்கு முன்பல் நாலு போனதாம்.

வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மெடானில் வாயை மூடிக்கொண்டுதான் ஆடுவோம். “ஏலே சுமத்ரா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? கத்துலே!” என்று எங்கள் கேப்டன் வேலப்பன் ஒரு மாதம் திட்டினான். லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், தொண்டை அப்படி. இப்போது கேட்காமலே வருகிறது. நேற்று மாமு பரணிலிருந்து சோப்புப் பெட்டியைத் தூக்கிப் போட்டபோது “எனக்கு!” என்று கத்திவிட்டேன். உள்ளே மாமு மகள் ஜாஹிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

20 ஜூன்

மெடானிலிருந்து கடிதம். பயிற்சியாளர் பாக் தர்மோ கைப்பட எழுதியிருக்கிறார். நகர அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஜனவரியில் பினாங்கு போய் ஆட வேண்டும். அங்கே நன்றாக ஆடுகிறவர்களை ஏப்ரலில் ஜகார்த்தா முகாமுக்குக் கூப்பிடுவார்கள். அதில் தேறினால் நாட்டின் சட்டை.

எட்டு வயதிலிருந்து எனக்கு வேறு ஆசை கிடையாது. நாலு தடவை படித்துவிட்டேன்.

மாமுவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஜாஹிதாவை எனக்கு என்று பேசி வைத்திருக்கிறார்கள். அவள்தான் பேசினாள். “போங்க மச்சான், போய் ஆடிட்டு வாங்க. கடையில நீங்க எடை போட்ட லட்சணத்துக்கு யாரும் அழப் போறதில்ல.” அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். கண் சிவந்திருந்தது. கேட்டால் புகை என்பாள்.

6 ஜூலை

நாகப்பட்டினம். கப்பல் மதியம்.

11 அக்டோபர். மெடான்

எடுத்துவிட்டார்கள்! இடது ஓரம், பதினொன்றாம் எண். அத்தா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். பரீட்சையை மறந்துவிட்டார் போல.

கோடைக்கானலில் நான் சுமத்ரா. இங்கே அணிப் பையன்கள் “மெட்ராஸ், மெட்ராஸ்” என்கிறார்கள். “நான் இங்கே பொறந்தவன்டா” என்றால் தலையாட்டுகிறார்கள், மறுபடி மெட்ராஸ்தான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன், அப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் பார்க்கலாம்.

24 ஜனவரி 1960, ஞாயிறு. பினாங்கு

ஜெயித்தோம். கோல் நான்தான். எழுத முடியவில்லை.

25 ஜனவரி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் ஐந்து நிமிஷம். மழை தூறல். வலது பக்கமிருந்து பந்து உயரமாக வந்தது. அவர்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன், உயரமானவன், தலையால் முட்ட எழும்பப் போனான். நான் பின்னால் ஓடிவந்தேன். “எனக்கு!” என்று கத்தினேன்.

அவன் நின்றுவிட்டான். பந்தை விட்டு ஒதுங்கிவிட்டான்.

பந்து என் காலடியில் விழுந்தது. அடித்தேன். கோல்.

அவன் பெயர் மயில்சாமி. தமிழ் ஆள். அவர்கள் கோல்கீப்பரும் தமிழ் ஆள். தன் கோல்கீப்பர்தான் கத்துகிறான் என்று நினைத்து விட்டிருக்கிறான். ரெஃபரி வெள்ளைக்காரர். அவருக்குத் தமிழும் ஒன்றுதான், காக்கா கத்தினாலும் ஒன்றுதான். கத்தி ஏமாற்றினால் கோல் செல்லாது, இது எங்கே போனாலும் சட்டம்.

மயில்சாமி ஓடிவந்தான். “ஏப்பா, தமிழ்ல கூப்புட்டு ஏமாத்திட்டியே! எந்த ஊரு நீ?” மெடான் என்றேன். “பொறந்தது கெடக்கட்டும், பூர்வீகம் எது? நான் கன்னிவாடி.” கன்னிவாடி! எங்கள் மலைக்கு அடியில். அதைச் சொல்லாமல் நடந்துவிட்டேன்.

ராத்திரி விசாரணை வைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். உள்ளே போகுமுன் பாக் தர்மோ என் தோளைப் பிடித்துக்கொண்டார். “அல்லாஹ் என்று கூப்பிட்டேன்னு சொல்லு. யார் மறுக்க முடியும்? ஜகார்த்தாவை நினைச்சுக்கோ.” அவர்கள் கோல்கீப்பர், கூட்டத்தின் இரைச்சலில் ஏதோ சத்தம்தான் கேட்டது, வார்த்தை தெரியாது என்றான். நான் “எனக்கு” என்று கத்தியதை மயில்சாமி தெளிவாகச் சொன்னான். என்னைக் கேட்டார்கள்.

அல்லாஹ் என்று கூப்பிட்டேன் என்றேன்.

அவ்வளவுதான். மயில்சாமி தன் தப்பை மறைக்கப் பொய் சொல்கிறான் என்று முடிவாகிவிட்டது. அவன் என்னைத் திட்டவில்லை.

வேணும்னு கத்தினேனா? இல்லை, சத்தியமா இல்லை. மேகத்துல பழகின வாய். ஆனா அவன் ஒதுங்கினப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சே — தமிழைக் கேட்டுத்தான் ஒதுங்குறான்னு. புரிஞ்சும் அடிச்சேன். கத்தினது பழக்கம். அடிச்சது நான். சொன்னதும் நான்.

30 ஜனவரி

ஜகார்த்தா முகாம் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. ஏப்ரல் பதினெட்டு. அதற்குள், நோன்பு பிறக்குமுன்னே, நிக்காஹை முடித்துவிடு என்று அத்தாவின் தந்தி. இங்கிருந்தே நாகப்பட்டினம் கப்பல்.

8 பிப்ரவரி. கோடைக்கானல்

பஸ் நிறுத்தத்தில் மாலை. வேலப்பன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஜார் முழுக்கச் சுற்றினான். “நம்ம சுமத்ரா பினாங்குல போய் கோல் போட்டுட்டு வந்திருக்கான்டே!” எப்படிப் போட்டாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். இடது காலால் என்கிறேன்.

ஐந்து வேளையும் தொழுகைக்குப் போகிறேன். அந்தப் பெயர் வரும் இடத்தில் நாக்கு தடுக்குகிறது.

16 பிப்ரவரி

இன்று மதியம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மலை ஏறின பஸ்ஸில் வாந்தி எடுத்து முகம் வெளிறியிருந்தது. கையில் துணியில் கட்டிய ஒரு பொட்டலம்.

“பினாங்குல இருந்து வந்த தம்பி இங்கதான் இருக்குன்னாங்க. சந்தையில லாரிக்கார வேலப்பன் சொல்லுச்சு. நான் கன்னிவாடி, எம் பேரு சுந்தராம்பாள். எம் மகன் மயில்சாமி அங்கதான் இருக்கான்.”

வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்தால் சுற்று வட்டாரத்துத் தாய்மார்கள் தேடி வருவது இங்கே வழக்கம்தான். சேதி கேட்பார்கள், திரும்பிப் போகும்போது கொண்டுபோகச் சொல்லி ஏதாவது கொடுப்பார்கள். ஜாஹிதா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“துறைமுகத்து ஆபீஸ்ல சோலி பார்த்தான் தம்பி. பந்து நல்லா ஆடுவான்னுதான் அந்தச் சோலியே கொடுத்தாங்க. இப்ப ஆட்டத்துல பொய் சொன்னான்னு பேராகிப் போச்சாம். டீமுல இல்லைன்னுட்டாங்க, சோலியும் போயிருச்சாம். கடுதாசில அவ்வளவுதான் எழுதியிருக்கான். அவன் பொய் சொல்ற புள்ளை இல்ல தம்பி. அடிச்சுக் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்லுவான், அதுக்கே எங்கிட்ட நெறைய அடி வாங்கியிருக்கான். நீங்க அந்த ஆட்டத்தைப் பார்த்தீங்களா?”

பார்த்தேன் என்றேன்.

“அப்ப சொல்லுங்க, என்னதான் நடந்துச்சு?”

கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு பொட்டலத்தை என் கையில் வைத்தார். எள்ளுருண்டையும் பருப்புப்பொடியும். “போற வழியில பினாங்குல எறங்கி அவன் கையில கொடுத்துருங்க. சாப்பிடுறானோ என்னவோ.”

பொட்டலம் என் தலைமாட்டில் இருக்கிறது. எள் வாசனை அறை முழுக்க. தூங்க முடியல.

17 பிப்ரவரி

வெள்ளனே முதல் பஸ்ஸில் இறங்கி, இரண்டு பஸ் மாறிக் கன்னிவாடி போனேன். சுந்தராம்பாள் வெயிலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி, என்ன இவ்வளவு தூரம்?” என்று பாயை எடுக்கப் போனார்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அல்லாஹ் பேரைச் சொன்னதையும்.

கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டார். பிறகு, “அடப்பாவி” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். “நேத்து எங் கையிலருந்து மோர் டம்ளரை வாங்கி வச்சியே. அப்பக்கூட வாய் வரலையா உனக்கு?”

மன்னிச்சிருங்கம்மா என்று காலில் விழப் போனேன். விலகிவிட்டார்.

“எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆகும்? நானா அவனை டீமை விட்டு எடுத்தேன்? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு. அந்தப் பொட்டலம் எங்க?”

கொண்டு போயிருந்தேன். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

18 பிப்ரவரி

மாமுவிடமும் ஜாஹிதாவிடமும் சொன்னேன். மாமு தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து வியாபாரி புத்தி வந்துவிட்டது. “இப்ப என்ன அவசரம்? நிக்காஹ் முடியட்டும், ஜகார்த்தாவுக்குப் போ, ஆடு, பேரு எடு. அப்புறமா அந்தப் பையனுக்கு ஏதாச்சும் செய்வோம்.”

அதுதான் நானும் பஸ்ஸில் வரும்போது நினைத்தது. பொய்யா சொல்லணும் இந்த நோட்டுல? வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும்வரைக்கும் அதையேதான் நினைத்தேன். பினாங்குக்கு உண்மையை எழுதினால் அந்தச் சட்டை போய்விடும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜாஹிதா கதவோரம் நின்றிருந்தாள். இவ்வளவு நாளும் என்னைக் கிண்டல் பண்ணின முகம் இல்லை. “அல்லாஹ் பேரைச் சொல்லியா மச்சான்?” என்று ஒரு தடவை கேட்டாள். நான் குனிந்துகொண்டேன்.

“அத்தா, அவர் எழுதட்டும். எழுதித் தபால்ல சேர்த்துட்டு வரட்டும். அதுக்கப்புறம் நிக்காஹ் தேதி பேசுங்க.”

“உனக்கு என்னம்மா தெரியும், அது அவனோட வாழ்க்கை—”

“எனக்கும் சேர்த்துத்தானே அத்தா.”

19 பிப்ரவரி

இரண்டு கடிதம். ஒன்று பினாங்குக்கு, ஒன்று மெடானுக்கு. என்ன வார்த்தை கத்தினேன், அதற்கு என்ன அர்த்தம், விசாரணையில் என்ன சொன்னேன், எல்லாம். பாக் தர்மோ சொல்லிக்கொடுத்ததை எழுதவில்லை. நாக்கு என்னுடையது.

தபால்பெட்டியில் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே நின்றேன். கையை விட்டு எடுத்துவிட முடியுமா என்று பார்த்தேன். ஆமாம், பார்த்தேன்!

26 பிப்ரவரி, வெள்ளி

நிக்காஹ்.

27 ஏப்ரல்

பதில் வந்துவிட்டது. அது வராமல் கப்பலேறுவதில்லை என்று இருந்தேன், பதினெட்டாம் தேதியும் போய்விட்டது. கோல் செல்லாது. மயில்சாமியை மறுபடி அணியில் சேர்த்துவிட்டார்கள், வேலையும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மே ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் தடை. ஜகார்த்தா பட்டியலில் என் இடத்துக்கு வேறு ஒருவன். பாக் தர்மோ ஒரு வரி மட்டும்: “நீ எனக்கு எழுத வேண்டாம்.”

அழுதேன். வெட்கமில்லாமல், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். இருபது வயசுல ரெண்டு வருஷம்னா சும்மாவா?

15 மே

ஞாயிறு. வேலப்பன் ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். தடை என்றேன். “ஏலே, அது மெடான்காரன் போட்ட தடை. நம்ம மேகத்துக்குள்ள நீ ஆடுறது எவனுக்குலே தெரியப் போவுது?”

எனக்குத் தெரியும்டா என்றேன். கோட்டுக்கு வெளியே நின்று, சோலைக்குள் போன பந்தை எடுத்துக் கொடுத்தேன்.

1 மே 1962

தடை நேற்றோடு முடிந்தது. மெடானிலிருந்து கடிதம் இல்லை. காலையில் கடை திறந்தேன்.

10 ஜூலை

மழை. கடையில் கூட்டமில்லை. குடையை மடக்கிக்கொண்டு ஒரு அம்மா படியேறினார். சுந்தராம்பாள். இரண்டு வருஷத்தில் நன்றாக வயதாகிவிட்டது.

வேறு யாரிடமோ பேசுவதுபோல் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எம் மகன் டீமு ஜகார்த்தாவுக்கு ஆடப் போவுதாம். அவன்தான் இப்ப கேப்டனாம். நம்ம ஊர்ல எவனைக் கேட்டாலும் அந்த ஊரு தெக்கயா வடக்கயான்னு தெரியல. இந்தப் பஜார்ல ஸ்வெட்டர் நல்லாருக்கும், ஒண்ணு வாங்கி அனுப்பலாம்னு வந்தேன். அங்க குளிருமா?”

“குளிராதும்மா. எங்க நாடு பூராவும் புழுக்கம்தான். ஸ்வெட்டர் வேண்டாம். பருத்தி பனியன் வாங்கி அனுப்புங்க.”

“அப்படியா.” முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “உங்க நாடுதானே. ஜகார்த்தா எப்படி இருக்கும் தம்பி? பெரிய ஊரா?”

நான் பார்த்ததில்லைம்மா என்றேன்.

அந்த அம்மா அங்கேயே நின்றார். ஜாஹிதா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.